சிசேரியன் தையல் இருக்கும்போது வலி வரவைக்கலாமா?

கேள்வி இதுதான். முதல் குழந்தை மூன்று வருடம் முன்பு சிசேரியன். தலை திரும்பாமல் பிரீச்சாக இருந்ததால் செய்தது. இரண்டாவதை நார்மலாகப் பெற ஆசை. இப்போது 40 வாரம் 3 நாள், வலியின் அறிகுறியே இல்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "41 வாரம் வரை பார்ப்போம், வராவிட்டால் பலூன் வைத்து முயற்சி பண்ணலாம்" என்கிறார். இன்னொருவரிடம் கேட்கப் போனால், "தையல் போட்ட கர்ப்பப்பைக்கு வலி வரவைக்கவே கூடாது, நாளைக்கே ஆபரேஷன்" என்கிறார். யார் சொல்வது சரி?

"கூடவே கூடாது" என்பது ஒரு மாத்திரைக்குப் பொருந்தும், எல்லா முறைக்கும் பொருந்தாது. "பலூன் வைக்கலாம்" என்பது சில மருத்துவமனைகளுக்குப் பொருந்தும், எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வலி வரவைக்கலாமா என்ற கேள்வியை விட, எதைக் கொண்டு, எங்கே, எந்தக் கட்டம் வரை என்ற கேள்விகள்தான் பெரியவை.

முதலில் பயம் எதைப் பற்றியது என்று பார்ப்போம். பழைய தையல் வலியின் அழுத்தம் தாங்காமல் விட்டுப்போவது, அதாவது கர்ப்பப்பை கிழிவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிசேரியனுக்குப் பிறகு இரண்டாவது பிரசவத்துக்கு வந்த 20,095 பெண்களின் பதிவுகளை வைத்து 2001இல் வந்த ஆய்வைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கணக்கு: வலி வருமுன்பே சிசேரியன் செய்தவர்களில் 1.6, வலி தானாக வந்தவர்களில் 5.2, புரோஸ்டாகிளாண்டின் (கர்ப்பப்பை வாயை மென்மையாக்கும் ஜெல், மாத்திரை வகை மருந்து) இல்லாமல் வலி வரவைத்தவர்களில் 7.7, புரோஸ்டாகிளாண்டின் வைத்தவர்களில் 24.5. கடைசி எண் வந்ததும் தையல் உள்ளவர்களுக்கு ஜெல்லும் மாத்திரையும் வைப்பது பல லேபர் வார்டுகளில் கைவிடப்பட்டது. பல இடங்களில் விபேக் என்ற பேச்சே நின்றுபோனது. (சிசேரியனுக்குப் பிறகான சுகப்பிரசவத்தை டாக்டர்கள் சுருக்கமாக அப்படித்தான் சொல்வார்கள்.)

மூன்று வருடம் கழித்து, 2004இல், 19 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட்டுச் சேகரித்த கணக்கு வந்தது. நார்மலுக்கு முயன்ற 17,898 பெண்கள். வலி தானாக வந்தவர்களில் ஆயிரத்துக்கு 4, வலி வரவைத்தவர்களில் ஆயிரத்துக்கு 10. ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வரவைத்தவர்களிலும் ஆயிரத்தில் 990 பேருக்குத் தையல் தாங்கியது.

அந்தப் பத்துப் பேருக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கிழிந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து 2010இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பார்த்தபோது, கிழிந்த கர்ப்பப்பைகளில் சுமார் 6 சதவீதத்தில் குழந்தை இறந்திருந்தது. ஆயிரத்துக்கு 10 கிழிசல், அதில் 6 சதவீதம் என்றால் பத்தாயிரம் பிரசவத்துக்கு 6. தாய்க்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வருவது இதைவிட அதிகம். கிழிந்தவர்களில் ஏழில் ஒருவருக்காவது. இந்த எண்கள் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கும் பெரிய மருத்துவமனைகளில் வந்தவை. தியேட்டரைத் திறக்க ஆள் தேடும் இடத்துக்கு இவை பொருந்தாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் வலி வரவைத்தவர்களுக்கும் வலி தானாக வந்தவர்களுக்கும் இடையில். ஆனால் உங்கள் முன்னால் அந்தத் தேர்வே இல்லை. நாளைக்கு வலி தானாக வரட்டும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. உங்களிடம் இருக்கும் வழிகள் மூன்று: இப்போதே வலி வரவைப்பது, இன்னும் சில நாள் காத்திருப்பது, திட்டமிட்ட சிசேரியன். காத்திருந்தால் வலி தானாக வரலாம். 41 வாரம் தாண்டி அப்போதும் வரவைக்க வேண்டியிருக்கலாம். நடுவில் பிபி ஏறி அவசர சிசேரியனிலும் முடியலாம். 39 வாரத்துக்குப் பிறகு வலிக்காகக் காத்திருப்பதால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் கூடுதல் வாய்ப்பைப் பத்தாயிரத்துக்கு சுமார் 10 என்று பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டி கணக்கிடுகிறது. ஆக, காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. "முதல் பிரசவத்துக்கே 39 வாரத்தில் வலி வரவைத்தால் சிசேரியன் குறையுமாம்" என்று 2018இல் வந்த அமெரிக்க ஆய்வைக் காட்டி யாராவது அவசரப்படுத்தினால், அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் முதன்முறையாகப் பிரசவிக்கும் பெண்கள். தையல் உள்ளவர்களுக்கு அதை நீட்ட முடியாது.

காரணத்தைப் பாருங்கள். 37 வாரத்துக்குப் பிறகு பிபி ஏறிச் சிறுநீரில் புரதம் போவது, இன்சுலின் போட்டும் கட்டுக்குள் வராத சர்க்கரை, வளர்ச்சி நின்ற குழந்தை, பனிக்குடம் உடைந்து 24 மணி நேரமாகியும் வலி வராதது, அசைவு உண்மையாகவே குறைந்தது, 41 வாரம் நிறைவது: இவை கனமான காரணங்கள். (வளர்ச்சி நின்றதிலும் அசைவு குறைந்ததிலும் சி.டி.ஜி., அதாவது குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு, சரியில்லை என்றால் வலி வரவைக்கும் பேச்சே இல்லை, நேராக சிசேரியன்தான்.) ஸ்கேனில் "3.8 கிலோ காட்டுகிறது" என்பது மெலிந்த காரணம், ஸ்கேன் சொல்லும் எடை 10 முதல் 15 சதவீதம் மேலேயோ கீழேயோ தவறுவது சாதாரணம். "கழுத்தில் கொடி சுற்றியிருக்கு" என்பது இன்னும் மெலிந்தது. பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கு அது இருக்கும். வியாழக்கிழமை நட்சத்திரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு சிசேரியன் தேதி குறிக்கிறார்கள், அது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்காக வலி வரவைக்க மருந்து போடுவது தையல் உள்ளவருக்குச் செய்யக்கூடாத காரியம்.

41 வாரம் என்றால் உண்மையில் 41 வாரம்தானா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து மட்டும் போட்ட டியூ டேட், மாதவிடாய் ஒழுங்கில்லாதவருக்கு பத்து நாள் கூடத் தவறும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த என்.டி. ஸ்கேனில் உள்ள தேதிதான் நம்பத் தகுந்தது. எட்டாம் மாத ஸ்கேனில் போட்டிருக்கும் தேதியை வைத்து நாள் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்தது பழைய தையலின் வரலாறு. வயிற்றின் தோலில் தையல் குறுக்காக இருப்பதை வைத்து உள்ளேயும் குறுக்குதான் என்று சொல்ல முடியாது. கர்ப்பப்பையில் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயற்சி செய்யலாம். மேலே நீளவாக்கில் வெட்டியிருந்தாலும், குழந்தையை எடுக்க முடியாமல் தலைகீழான 'டி' எழுத்துப் போல நீட்டியிருந்தாலும், நார்மல் முயற்சியே வேண்டாம். வலி வரவைப்பதை நினைக்கவே கூடாது. இது முந்தைய மருத்துவமனையின் ஆபரேஷன் நோட்ஸில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் "எல்.எஸ்.சி.எஸ்." என்ற நான்கு எழுத்தோடு முடித்துவிடுவார்கள். அது கீழ்ப்பகுதி என்பதைச் சொல்லும். வெட்டு நீண்டு கிழிந்ததா, பிறகு காய்ச்சல் வந்து சீழ் பிடித்ததா என்பதைச் சொல்லாது. குறைப்பிரசவத்தில், 28 வாரம் போல, எடுத்த சிசேரியன் என்றால் நோட்ஸ் கிடைக்காமல் முடிவெடுக்கவே கூடாது. அந்த வாரங்களில் கீழ்ப்பகுதி விரிந்திருக்காது என்பதால் மேலே வெட்ட நேர்ந்திருக்கலாம்.

இரண்டு பிரசவத்துக்கும் இடையே 18 மாதமாவது இருந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவானால் தையல் விடும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு வலி தானாக வந்தால் சில இடங்களில் முயற்சிப்பார்கள். ஆனால் வலி வரவைப்பதைப் பெரும்பாலானோர் தவிர்ப்பார்கள், அதுதான் சரியும்கூட.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. "ஸ்கேனில் தையல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கு, வெடிச்சிடும்" என்று சொல்லி ஆபரேஷனுக்கு எழுதுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. தையல் பகுதி மெலிந்திருந்தால் ஆபத்து சற்றுக் கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. மூத்திரப்பை எவ்வளவு நிரம்பியிருந்தது, வயிற்றின் மேலிருந்து பார்த்ததா உள்ளிருந்து பார்த்ததா, தசையை மட்டும் அளந்ததா முழுச் சுவரையும் அளந்ததா என்பதைப் பொறுத்து எண் மாறும். மற்ற எல்லாம் சாதகமாக இருந்தால் அந்த ஒற்றை எண் மட்டும் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது.

இனி வெற்றி வாய்ப்பு. சிசேரியனுக்குப் பிறகு நார்மலுக்கு முயல்பவர்களில் மொத்தமாக 72 முதல் 75 சதவீதம் பேர் வெற்றி பெறுகிறார்கள். முன்பே ஒரு தடவையாவது நார்மலாகப் பெற்றவர் என்றால் 85 முதல் 90. நான் மேலே சொன்ன 2004 கூட்டுக் கணக்கில், வலி தானாக வந்தவர்களில் சுமார் 80 சதவீதம், வலி வரவைத்தவர்களில் சுமார் 67. பிரீச்சுக்காக சிசேரியன் ஆனவருக்கு வாய்ப்பு கூடுதல், ஏனென்றால் அந்தக் காரணம் திரும்ப வர வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாய் முழுதும் திறந்தும் தலை இறங்காமல் ஆபரேஷன் ஆனவருக்குக் குறைவு. உடல் எடை குறியீடு 30க்கு மேல் போனால் குறையும். குழந்தை 4 கிலோவுக்கு மேல் என்றாலும் குறையும்.

வெற்றி வாய்ப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? தாய்க்கு மிகக் குறைந்த தொல்லை தருவது வெற்றியான நார்மல். அடுத்தது திட்டமிட்ட சிசேரியன். மிக மோசமானது இருபது மணி நேரம் முயன்று, கடைசியில் நடுராத்திரி அவசர சிசேரியன்: ரத்தப்போக்கு, தொற்று, மூத்திரப்பைக் காயம் எல்லாம் அதில்தான் அதிகம். வெற்றி வாய்ப்பு 60 முதல் 70 சதவீதம் இருந்தால் முயற்சியின் மொத்தத் தொல்லை திட்டமிட்ட சிசேரியனுக்குச் சமம் அல்லது குறைவு. அதற்கும் கீழே போனால், முயற்சி செய்துபார்ப்பது என்பதே நல்ல யோசனையா என்று கேட்க வேண்டும்.

உங்கள் வாய்ப்பைப் பற்றி இன்றைக்கே தெரிந்துகொள்ள ஒரு எண் இருக்கிறது: பிஷப் ஸ்கோர். உள் பரிசோதனையில் ஐந்து விஷயம் பார்ப்பார்கள். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எத்தனை சதவீதம் சுருங்கி மெலிந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, வாய் கெட்டியா மெத்தென்றா, பின்னால் திரும்பியிருக்கிறதா முன்னால் வந்திருக்கிறதா. மொத்தம் 13. ஒரு உதாரணம்: 1 சென்டிமீட்டர் திறப்பு (1), 50 சதவீதம் மெலிவு (1), தலை மைனஸ் 2, அதாவது இடுப்பெலும்பின் நடுமட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் மேலே (1), நடுத்தர மென்மை (1), பின்பக்கம் (0). மொத்தம் 4. இது பழுக்காத வாய். 6 வரை இப்படித்தான் கணக்கு. 8க்கு மேல் போனால் வலி தானாக வந்தவருக்கு நிகரான வாய்ப்பு. பரிசோதனை முடிந்ததும் "எவ்வளவு ஸ்கோர் டாக்டர்?" என்று கேளுங்கள். "இன்னும் டைம் இருக்கு" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்காவது இருந்தால், 40 வாரத்தில் ஸ்வீப்பிங் செய்து பார்க்கலாம். பனிக்குடப் பையைக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து விரலால் சுற்றிப் பிரித்துவிடுவது. தையல் உள்ளவருக்கும் ஆபத்து கூடுவதில்லை. வலிக்கும், இரண்டு நாள் லேசான ரத்தக் கசிவு இருக்கும். பலன் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மலேசியாவில் தையல் உள்ள பெண்களிடம் வாராவாரம் ஸ்வீப்பிங் செய்து பார்த்த ஆய்வில், வலி தானாக வருவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை, வரும். அதுதான் பிரச்சினை. விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் எந்த ஏற்பியைத் தட்டுகிறதோ அதையே கர்ப்பப்பைத் தசையில் தட்டுகிறது. அளவு தெரியாது, நிறுத்தவும் முடியாது, வீட்டில் குழந்தையின் துடிப்பைப் பார்க்க ஆளும் இல்லை. தையல் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம். சீரகக் கஷாயம் குடித்தால் குடித்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு இதம்.

இனி முறைகளுக்கு வருவோம்.

மிசோபிராஸ்டால் மாத்திரை, வாயில் போட்டாலும் கீழே வைத்தாலும், தையல் உள்ள கர்ப்பப்பைக்கு முழு மாத வலி வரவைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க மகப்பேறு மருத்துவக் கல்லூரியும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. காரணம் எளிது: மாத்திரை கரைந்ததும் வெளியே எடுக்க வழியில்லை, ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்கு இடைவெளியே இல்லாத வலியாகவும் வேலை செய்யும். அதே மாத்திரையைக் குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த வைப்பார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அப்போது உள்ளே குழந்தை இல்லை.

டினோபுரோஸ்டோன் ஜெல், 0.5 மில்லிகிராம், நம் ஊரில் "ஜெல் வைக்கிறது" என்றால் இதுதான். பிரிட்டனில் மூத்த மருத்துவர் முடிவெடுத்தால் வைக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் மருந்தோடு வரும் குறிப்பிலேயே முந்தைய சிசேரியன் உள்ளவருக்கு வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். புரோஸ்டாகிளாண்டின் கர்ப்பப்பை வாயை மென்மையாக்குவது அங்குள்ள கொலாஜனைத் தளர்த்தித்தான். பழைய தையலும் கொலாஜன்தான், அதையும் தளர்த்தக்கூடும் என்பது ஒரு விளக்கம். பலூன் கையில் இருக்கும்போது ஜெல்லைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பலூன் என்பது சிறுநீர் போக வைக்கும் ஃபோலி கதீட்டரேதான். 16 அல்லது 18 அளவு, கர்ப்பப்பை வாய்க்குள் நுழைத்து, உள்வாயைத் தாண்டியதும் நுனியில் உள்ள பலூனில் 30 முதல் 60 மி.லி. ஸ்டெரைல் நீர் ஏற்றுவார்கள். குழாயை லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார்கள். பலூன் வாயை உள்ளிருந்து அழுத்தி விரிக்கிறது; உடலே கொஞ்சம் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது, ஆனால் வெளியிலிருந்து மருந்து எதுவும் போகவில்லை. வேண்டாம் என்றால் நீரை உறிஞ்சி எடுத்துவிடலாம். தையல் உள்ளவருக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்கக் காரணம் இந்தக் கடைசி வாக்கியம்.

சாயங்காலம் வைத்து இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்ப்பது நல்ல வழக்கம். ட்ரிப்ஸ் ஆரம்பிக்கும் நேரம் பகலாகிவிடும், தியேட்டரில் ஆள் இருப்பார்கள். 12 மணி நேரம், சில இடங்களில் 24 வரை. வாய் 3 சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானாக நழுவி விழும். விழுந்ததும் "பாதி தூரம் வந்தாச்சு" என்று வீட்டாருக்குப் போன் பண்ணிவிடாதீர்கள். பலூன் வாயைத் திறந்திருக்கிறது, வலி இன்னும் தொடங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பனிக்குடம் உடைத்து ட்ரிப்ஸும் போட வேண்டியிருக்கும். நஞ்சுக்கொடி கீழே இருந்தால் பலூன் வைக்கக் கூடாது. பலூன் தலையை மேலே தள்ளியிருக்கலாம் என்பதால், எடுத்த பிறகு தலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பனிக்குடத்தை உடைக்க வேண்டும்; தலை மிதக்கும்போது உடைத்தால் தண்ணீரோடு தொப்புள்கொடி நழுவி வந்துவிடும்.

பிறகு ஆக்சிடோசின் ட்ரிப்ஸ். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்டில் 5 யூனிட் கலந்தால் ஒரு மி.லி.யில் 10 மில்லியூனிட். 20 சொட்டுக்கு ஒரு மி.லி. என்ற சாதாரண செட்டில், நிமிடத்துக்கு 2 சொட்டு என்றால் 1 மில்லியூனிட். தொடக்கம் 1 அல்லது 2 மில்லியூனிட், அதாவது நிமிடத்துக்கு 2 முதல் 4 சொட்டு. 30 நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாக ஏற்ற வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு நிலைபெறவே கிட்டத்தட்ட 40 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சக்கரத்தை உருட்டினால், முந்தைய அளவு வேலை காட்டுவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது. 10 நிமிடத்தில் 3 அல்லது 4 நல்ல வலி வந்ததும் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். 5க்கு மேல் போனால் குறைக்க வேண்டும் அல்லது மூட வேண்டும். 20 மில்லியூனிட்டுக்கு மேல், நிமிடத்துக்கு 40 சொட்டு, போனால் தையல் கிழியும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது; தையல் உள்ளவருக்கு அதையே கூரையாக வைப்பது நல்லது.

கையால் சக்கரம் உருட்டும் செட்டில் ஒரு சிக்கல்: நோயாளி கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் கொட்டும். நிமிடத்துக்கு 6 சொட்டு என்று வைத்தது 15 ஆகியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். பம்ப்பில் இதே கலவைக்கு மணிக்கு 6 மி.லி. என்பது 1 மில்லியூனிட். ஆக்சிடோசினின் ஒரே நல்ல குணம், மூடினால் சில நிமிடங்களில் அதன் வேகம் தணியத் தொடங்கும். அதே மருந்தை வலிக்காக இடுப்பில் ஊசியாகப் போட்டால் அந்த நல்ல குணமும் போய்விடும். "வலி ஊசி" என்று யாராவது சிரிஞ்சோடு வந்தால், தையல் இருக்கிறதோ இல்லையோ, மறுத்துவிடுங்கள்.

ட்ரிப்ஸ் ஓடும்போது சி.டி.ஜி. தொடர்ந்து ஓட வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை டாப்ளர் வைத்துப் பார்ப்பது போதாது. கிழிசலின் முதல் அடையாளம் பெரும்பாலும் குழந்தையின் துடிப்பு விழுவதுதான். வலிக்கு நடுவிலும் விடாமல் தையல் பகுதியில் குத்துவது, எபிடியூரல் (முதுகில் குழாய் வைத்து ஏற்றும் வலி மரப்பு மருந்து) வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை மீறி வலி வருவது, தோள்பட்டையில் வலி, கீழே ரத்தம், சிறுநீரில் ரத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நிற்பது, இறங்கியிருந்த தலை மேலே ஏறிவிடுவது, தாயின் நாடி வேகமாவது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் உடனே சொல்லுங்கள். "வலியை மறைத்துவிடும், எபிடியூரல் கூடாது" என்பது பழைய பேச்சு. தாராளமாகப் போடலாம், அவசரம் வந்தால் அதே குழாய் வழியாக ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து ஏற்றலாம்.

துடிப்பு விழுந்து ஏறாமல் நின்ற நேரத்திலிருந்து சுமார் 18 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிட்டால் மூளைப் பாதிப்பு இல்லாமல் தப்பும் வாய்ப்பு மிக அதிகம். இந்த 18 நிமிடத்தை வைத்து மருத்துவமனையை எடைபோடுங்கள். சின்ன நர்சிங் ஹோமில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வருபவர். அவர் ராத்திரி 2 மணிக்கு எத்தனை நிமிடத்தில் வருவார்? தியேட்டர் நர்ஸ் மாடியிலேயே தங்குகிறாரா? ரத்தம் இரண்டு யூனிட் பொருத்திப் பார்த்து எடுத்து வைப்பார்களா? பச்சிளம் குழந்தை ஐ.சி.யு. அந்தக் கட்டடத்தில் இருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் வலி வரவைக்கச் சம்மதிக்காதீர்கள். அந்த டாக்டர் உங்களுக்கு எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் 24 மணி நேர சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தைச் சிகிச்சை) மையங்களிலும் இந்த வசதிகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், தனியாரை விட அங்கே முயற்சி பாதுகாப்பாக இருப்பது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் இதற்கான இடம் இல்லை. "கூடவே கூடாது" என்று சொன்ன டாக்டரிடம் இரவில் மயக்க மருந்து டாக்டர் இல்லை என்றால், அவர் சொன்னது அவருடைய மருத்துவமனையைப் பொறுத்தவரை நேர்மையான பதில்தான்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. ஆகவே இந்தக் கேள்வியோடு வருபவர்கள் இனி கூடத்தான் போகிறார்கள். இரண்டாவது குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வதாக முடிவெடுத்த குடும்பத்துக்கு, "எத்தனை முறை சிசேரியன் பண்ணலாம்" என்ற கவலை பெரிதில்லை. மூன்றாவது வேண்டும் என்பவர்களுக்குப் பெரிது. நஞ்சுக்கொடி கீழே அமைந்துவிட்டால், அது பழைய தையலில் வேர்விடும் வாய்ப்பு, அந்தப் பிரசவம் இரண்டாவது சிசேரியன் என்றால் சுமார் 11 சதவீதம், மூன்றாவது என்றால் சுமார் 40. இந்தக் கணக்கையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள். பேசும்போது அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் படுக்கப்போவது நீங்கள்.

உங்கள் நிலைமைக்குத் திரும்பினால்: பிரீச்சுக்காக ஒரே ஒரு சிசேரியன், மூன்று வருட இடைவெளி. நோட்ஸில் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு என்று உறுதியானால் நீங்கள் நல்ல வேட்பாளர். இன்றைக்கே வலி வரவைக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. 41 வாரம் வரை காத்திருக்கலாம். இப்போது முதல் வாரம் இரண்டு முறை சி.டி.ஜி.யும் பனிக்குட நீர் அளவும் பாருங்கள், அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தால் காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே போங்கள். 41 ஆகியும் வலி வரவில்லை என்றால் அன்றைக்கு ஸ்கோரைப் பார்த்து முடிவெடுங்கள். 5 அல்லது 6 என்றால், மேலே சொன்ன வசதியுள்ள இடத்தில் பலூன் முயற்சி நியாயமானது. 2 என்று இருந்து, எடையும் கூடுதலாக, குழந்தையும் பெரிதாக என்றால், திட்டமிட்ட சிசேரியன்தான் நல்ல முடிவு.

முயற்சி தொடங்குமுன் நிறுத்தும் இடங்களை டாக்டரோடு பேசி எழுதி வைத்துவிடுங்கள். பலூன் 24 மணி நேரம் வைத்தும் பனிக்குடம் உடைக்க முடியாத நிலை என்றால் சிசேரியன். ட்ரிப்ஸில் கூரையைத் தொட்டும் நல்ல வலி இல்லை என்றால் சிசேரியன். நல்ல வலி இருந்தும் 4 மணி நேரத்தில் வாய் திறப்பில் முன்னேற்றம் இல்லை என்றால் சிசேரியன். "இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம்" என்பது தையல் உள்ளவருக்கு வேண்டாம். கிழிசல்களில் கணிசமானவை அப்படி இழுத்துக்கொண்டே போன வலிகளில் நடந்தவை. நடுவில் உங்களுக்கே போதும் என்று தோன்றினால், சிசேரியன் கேட்கும் உரிமை கடைசி நிமிடம் வரை உங்களிடம் இருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் அது போகாது.

நார்மலாகப் பிறந்த பிறகு, உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பது முன்பு வழக்கமாக இருந்தது. எல்லோருக்கும் அது தேவையில்லை, வலியும் தொற்றும்தான் மிச்சம். ஆனால் முதல் இரண்டு மணி நேரம் லேபர் வார்டிலேயே இருங்கள். கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, ரத்தப்போக்கு பெரிதாகத் தெரியாமலேயே நாடி ஏறிக்கொண்டே போனாலோ, அப்போது கட்டாயம் பார்த்தாக வேண்டும். கிழிசல் சில நேரம் குழந்தை பிறந்த பிறகுதான் தெரியவரும்.